கதவு அனுப்பிய செய்திகள்

1. புதுச் சட்டை

எங்கள் நூலகத்தின் புதிய கதவு முதன்முதலில் பிடித்த 'திருடர்' ஒரு கணிதப் பேராசிரியர். தீபாவளி விடுமுறை முடிந்து பல்கலைக்கழகம் திறந்த அன்று காலை. வெளிவாசலில் ஆள் உயரத்துக்கு இரண்டு வெள்ளைக் கம்பங்கள் நட்டிருந்தோம். இஷ்யூ செய்யாத புத்தகத்தோடு யாராவது அவற்றுக்கு நடுவே போனால் அலாரம் அடிக்க வேண்டும். பேராசிரியர் கையில் ஒரு கைக்குட்டையைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனாலும் அலாரம் அடித்தது.

கவுன்ட்டரில் இருந்த ஜாஃபர் எழுந்து ஓடினார். "சார், பையக் கொஞ்சம் தொறந்து காட்டுறீங்களா?"

"பையே கொண்டு வரலியேப்பா."

அவருக்குப் பின்னால் வந்த இரண்டு மாணவர்களுக்கும் அடித்தது. அதற்குப் பின்னால் வந்த பெண்ணுக்கு அடிக்கவில்லை. மறுபடியும் ஒரு பையனுக்கு அடித்தது. வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. இந்தக் கதவைப் பொருத்தித் தந்த கம்பெனியின் இன்ஜினியர் மணிவண்ணன் அன்று அங்கேதான் இருந்தார். கையில் பிடிக்கும் ரீடர் ஒன்றை எடுத்துவந்து, பேராசிரியரைத் தலையிலிருந்து கால் வரை தடவினார். இடுப்புக்குப் பக்கத்தில் அது 'பீப்' என்றது.

"சார், இது புதுச் சட்டையா?"

"ஆமா, தீபாவளிக்கு எடுத்தது. பாண்டிச்சேரில."

சட்டையின் உள்பக்கம், எப்படித் துவைக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கும் வெள்ளைத் துணிப் பட்டைக்குள், ரேடியோ அலையால் தூரத்திலிருந்தே படிக்கக்கூடிய ஒரு டேக் இருந்தது. கடைக்காரர்கள் இருப்பு எடுப்பதற்காக வைத்தது. நாங்கள் புத்தகங்களில் ஒட்டியதும் அதே ஜாதிதான். வெளியே போகலாம் என்ற பட்டியலில் இல்லாத எந்த டேக்கைப் பார்த்தாலும் கத்த வேண்டும் என்று கம்பெனி அந்தக் கதவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தது.

"அப்ப நான் ஒரு புக்குன்னு நெனைச்சிருக்கு" என்றார் பேராசிரியர். அவருக்கு அது பிடித்திருந்தது போல் தெரிந்தது.

நான் அந்த ரீடரை வாங்கி என் புடவையைத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் சத்தம் இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

அப்போது நான் அங்கே துணை நூலகர். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில், நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகம் அது, பெயர் வேண்டாம். தினமும் கடலூரிலிருந்து சிதம்பரம் பஸ்ஸில் போய்வருவேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். நூலகத்தில் இந்தக் கருவிகளோடு வேலை பார்க்கப் போகிறவர்கள் கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறேன்.

2. பச்சையாகவே இருந்த ஹால்

கதவோடு சேர்ந்து வேறு சிலவும் வந்தன. உள்ளே வரும் வழியில் அடையாள அட்டையைத் தொட்டால் திறக்கும் கேட். மாணவர்களே புத்தகம் எடுத்துக்கொள்ள ஒரு கியாஸ்க். பழைய நூல்கள் இருக்கும் அறையில் ஈரப்பதம் பார்க்கும் சென்சார். அப்புறம், ஒவ்வொரு மேசைக்கும் அடியில் ஒரு சென்சார். ஆள் உட்கார்ந்தால் சிவப்பு, ஆள் இல்லாவிட்டால் பச்சை. வாசலில் இருக்கும் பெரிய திரையைப் பார்த்து, எந்த மாடியில் இடம் இருக்கிறது என்று மாணவர்கள் தெரிந்துகொள்ளலாம்.

இவற்றில் நல்லது இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த ஐப்பசி மழையில் ஈரப்பதம் திடீரென்று ஏறுகிறது என்று என் போனுக்குச் செய்தி வந்தது. போய்ப் பார்த்தால், ஏ.சி. குழாயிலிருந்து தண்ணீர் கசிந்து பழைய இதழ்கள் இருந்த ரேக்குக்குப் பின்னால் சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் பாதி இதழ்கள் கூழாகியிருக்கும். அன்றிலிருந்து எனக்கு அந்தக் கருவிகள் மேல் ஒரு ஒட்டுதலே வந்துவிட்டது. அது என்ன அளக்கிறது, இது எப்படித் தெரிந்துகொள்கிறது என்று மணிவண்ணனைத் துளைத்து எடுப்பேன். அவர் முன்பு சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியில் கேஸ் டிடெக்டர் பார்த்துக்கொண்டிருந்தவர்.

"அங்க சென்சார் கத்துனா, ஏன்னு கேக்க மாட்டோம் மேடம். ஓடிடுவோம். இங்கதான் நின்னு ஏன்னு கேக்குறீங்க" என்பார்.

மாசி மாதம் வாக்கில், பொறுப்பு நூலகர் பேராசிரியர் இராமலிங்கம் என்னைக் கூப்பிட்டார். மெக்கானிக்கல் துறையைச் சேர்ந்தவர். நூலகத்தைக் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டார். நல்ல மனிதர். வரைபடம் என்றால் உயிர்.

"ஸ்டெல்லா மேடம், இதப் பாருங்க. இரண்டாவது மாடி கிழக்கு ஹால். பொங்கல்லேர்ந்து பச்சையாவே இருக்கு. யாருமே உக்கார்றதில்ல. பிளேஸ்மென்ட் டிரெய்னிங்குக்கு இடம் இல்லன்னு அவுங்க நச்சரிக்கிறாங்க. அந்த ஹாலக் குடுத்துடலாம்னு அடுத்த கமிட்டியில வெக்கிறேன்."

எனக்கு நம்ப முடியவில்லை. கிழக்கு ஹால் கடல் பக்கத்துக் காற்று வரும் ஹால். பெண்கள் கழிப்பறை பக்கத்தில் இருப்பதால் பெண்கள்தான் அதிகம் அங்கே உட்காருவார்கள். தேர்வு நேரத்தில் நாற்காலி கிடைக்காது. சென்சார் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

ஹாலில் பெண்கள் இருந்தார்கள். முன்பை விடக் குறைவுதான், ஆனால் இருந்தார்கள். ரேக்குகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் விளிம்பில் ஒருத்தி. படிக்கட்டுத் திருப்பத்தில் நாலைந்து பேர். மேசைகள் எல்லாம் காலி.

"ஏம்மா, நாற்காலி இருக்கே?"

"தரைதான் ஜில்லுன்னு இருக்கு மேடம்" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

தரையின் ஜில்லிப்பைத் தேடும் அளவுக்கு மாசி மாதத்தில் என்ன வெயில்? மணிவண்ணனை வரச் சொல்லி எல்லா சென்சாரையும் சோதித்தோம். நான் உட்கார்ந்ததும் திரையில் சிவப்பு. எழுந்ததும் பச்சை. ஒன்றில்கூடக் கோளாறு இல்லை.

அப்படியானால் கோளாறு எங்கே? எனக்கு அது தெரியாமல் வேறு வேலை ஓடவில்லை. மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிழக்கு ஹாலில் நடு மேசையில் போய் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் யாரும் என் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்தாள். இயற்பியல் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு, பெயர் பவித்ரா. நிறையப் புத்தகம் எடுப்பவள் என்பதால் முகம் தெரியும். குனிந்து என் காதோடு சொன்னாள்.

"மேடம், அந்த டேபிள்ல உக்காராதீங்க."

"ஏன்?"

"அடியில கேமரா இருக்கு."

3. ஸ்க்ரூ டிரைவர்

நான் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தேன். எத்தனையோ முறை பார்த்ததுதான். இப்போது அவள் கண்ணால் பார்த்தேன். கருப்புப் பெட்டி. நடுவில் பளபளவென்று ஒரு வெள்ளைக் குமிழ். பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. உட்காருகிறவளின் மடியைப் பார்த்தபடி அது இருந்தது. எனக்கே உடம்பு கூசியது. இந்த வயதில் நானே இப்படி என்றால், இந்தப் பெண்கள் எப்படி உட்காருவார்கள்? பல்கலைக்கழகத்தில் யாருமே அவர்களிடம் இது என்ன என்று சொல்லவில்லை. வாசலில் ஒரு பலகைகூட இல்லை.

மணிவண்ணனைக் கூப்பிட்டேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சிவந்துவிட்டது.

"ஐயையோ, கேமராலாம் இல்ல மேடம். உடம்புச் சூட்ட வெச்சு ஆள் இருக்காங்களான்னு பாக்குறது. அவ்ளோதான். நான் வேணா வந்து எல்லாருக்கும் சொல்லட்டுமா?"

"நீங்க சொன்னா நம்ப மாட்டாங்க. ஸ்க்ரூ டிரைவரக் குடுங்க."

ஹாலில் இருந்த பெண்களை எல்லாம் மேசையைச் சுற்றி வரச் சொன்னேன். ஒரு சென்சாரைக் கழற்றி மேசைமேல் வைத்து, ஸ்க்ரூ டிரைவரைப் பவித்ராவிடம் கொடுத்தேன். "நீ பிசிக்ஸ்தானே? தொறந்து பாரு. உனக்கு என்ன தோணுதோ அத இவுங்ககிட்ட சொல்லு."

அவள் சாவகாசமாகத் திறந்தாள். வெள்ளைக் குமிழைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிளாஸ்டிக். உள்ளே சட்டைப் பட்டன் அளவுக்கு ஒரு உலோகத் துண்டு. பேட்டரி. ஒரு சின்ன ஆன்டெனா. செல்போன் டார்ச் அடித்து எல்லா மூலையும் பார்த்தாள். சுற்றி நின்ற பெண்களும் மாறி மாறி வாங்கிப் பார்த்தார்கள். ஒருத்தி அதைத் தன் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்து, சூட்டுக்கு விளக்கு எரிகிறதா என்று பார்த்தாள். எரிந்ததும் சிரித்துவிட்டாள். அந்த ஹாலில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாள் ஆகியிருக்கும்.

"கேமரா இல்ல" என்றாள் பவித்ரா. "ஐ.ஆர். சென்சார்தான். ஆள் யாருன்னுகூட இதுக்குத் தெரியாது."

பிரச்சினை தீர்ந்தது என்று நான் எழுந்தேன். அவள் எழவில்லை.

"இது எங்கள யாருன்னு தெரியாதது சரி மேடம். ஆனா கதவுக்குத் தெரியுதே. வூட்டுக்கு மெசேஜ் அனுப்புறீங்களே."

"யாரு? நாங்களா? என்ன மெசேஜ்?"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குத் தெரியாது என்பதை அவர்களால் நம்ப முடியவில்லை. கடைசியில் ஒரு பெண் தன் போனைக் காட்டினாள். அவளுடைய அப்பா ஃபார்வர்டு செய்திருந்தார். 'தங்கள் மகள் நூலகத்திலிருந்து வெளியேறினார்' என்று, பெயரும் நேரமும் போட்டு. கீழே அப்பா கேட்டிருந்தார்: 'இப்போது எங்கே இருக்கிறாய்?'

பவித்ராவின் கதை இன்னும் மோசம். அவள் ஊர் காடாம்புலியூர். இங்கிருந்து கடலூர், கடலூரிலிருந்து பண்ருட்டி, பண்ருட்டியிலிருந்து ஊருக்கு என்று மூன்று பஸ். பல நாட்கள், அவள் நூலகத்திலேயே இருக்கும்போது வீட்டுக்கு 'வெளியேறினார்' என்று செய்தி போயிருந்தது. சாயங்காலம் கிளம்பி, இருட்டும்போது வீடு போய்ச் சேருவாள். இடையில் இருந்த மணி நேரங்களுக்கு அப்பா கணக்குக் கேட்பார்.

"லைப்ரரிலதான் இருந்தேன்னு சொன்னா, லைப்ரரியே நீ இல்லேன்னு சொல்லுதேன்றாரு. நான் என்னா பண்றது மேடம்? இந்த செமஸ்டரோட போதும்னு சொல்லிட்டாரு."

முன்பு இந்த ஹாலில் உட்கார்ந்திருந்த பெண்களில் பலர் இப்போது ஏன் வருவதே இல்லை என்றும் அன்று தெரிந்தது. உள்ளே வராவிட்டால் வெளியேற வேண்டியதும் இல்லையே.

4. குடிதண்ணீர் மெஷின்

கீழே அலுவலகத்தில் மணிவண்ணன் லேப்டாப்பைத் திறந்து வெகுநேரம் தேடினார். பிறகு நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

எங்களுக்குக் கொடுத்த மென்பொருள் முதலில் பள்ளிக்கூடங்களுக்காகச் செய்தது. குழந்தை பள்ளிக்கு வந்துவிட்டது, கிளம்பிவிட்டது என்று பெற்றோருக்குச் சொல்லும் வசதி அதில் உண்டு. எங்களுக்கு மாற்றிக் கொடுத்தபோது அந்த இடத்தில் இருந்த டிக்கை யாரும் எடுக்கவில்லை. அட்மிஷன் விவரங்களோடு அதை இணைத்தபோது பெற்றோர் போன் எண்களும் உள்ளே வந்துவிட்டன. அன்றிலிருந்து அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

"பொண்ணுங்க வீட்டுக்கு மட்டுமா?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம். எல்லாருக்குமேதான். பசங்க வூட்டுக்கும் போயிருக்கு."

ஜாஃபரின் மகன் எங்கள் பல்கலைக்கழகத்தில்தான் பி.காம். படித்தான். ஜாஃபர் தன் போனை எடுத்துத் துழாவினார். வரிசையாகச் செய்திகள் கிடந்தன. ஒன்றைக்கூட அவர் திறக்கவில்லை.

"ஏதோ ஆஃபர் மெசேஜ்னு விட்டுட்டேன் மேடம்" என்றார். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். பிறகு, "பொம்பளப் புள்ளயா இருந்தா பாத்திருப்பேன்" என்றார்.

இனி ஒரே ஒரு கேள்வி மிச்சம். உள்ளே இருப்பவளை எப்படிக் கதவு வெளியே அனுப்பியது?

உள்ளே வரும்போது அட்டையைத் தொட வேண்டும். வெளியே போகும்போது தொட வேண்டியதில்லை. பைக்குள் இருந்தாலும் அந்த வெள்ளைக் கம்பங்களே அட்டையைப் படித்துக்கொள்ளும். வாசலில் நெரிசல் இருக்காது என்று கம்பெனி பெருமையாகச் சொன்ன வசதி அது. பவித்ராவிடம், நடுவில் வாசல் பக்கம் வந்தாயா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றாள்.

"எதுக்குமே கீழ வரலையா?"

"தண்ணி புடிக்க மட்டும் வருவேன்."

எங்கள் குடிதண்ணீர் மெஷின் வாசல் சுவரை ஒட்டி, கம்பங்களுக்குப் பக்கவாட்டில் இருந்தது. இடையில் ஒரு கண்ணாடித் தடுப்பு. அந்தப் பக்கம் போக வழியே இல்லை. நான் என் அட்டையைத் தொட்டு முறையாக உள்ளே வந்தேன். அட்டையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, மெஷின் முன்னால் நின்று ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தேன். மணிவண்ணன் கவுன்ட்டரில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம்" என்றார். "நீங்க வெளிய போயிட்டீங்க."

"நான் இங்கதானேய்யா நிக்கிறேன்."

"தெரியுது மேடம். ஆனா போயிட்டீங்க."

டம்ளரோடு அங்கேயே நின்றேன். கம்பத்தின் வீச்சு கண்ணாடியைத் தாண்டி மெஷின் வரை வந்திருக்கிறது. போனவர் மறுபடியும் போக முடியாது என்று அது கணக்கு வைத்திருப்பதால், உண்மையிலேயே கிளம்பும்போது செய்தி போகாது. தாகம் எடுத்தவர்கள் எல்லாம் வெளியேறியவர்கள். ரொம்ப நேரம் உட்கார்ந்து படிக்கிறவர்களுக்குத்தானே தண்ணீர் வேண்டும்? அதிகம் படித்தவள் அதிகம் மாட்டியிருக்கிறாள்.

அப்போதே அந்த டிக்கை எடுத்துவிடுங்கள் என்றேன். நூலகத் தலைமையின் அனுமதி இல்லாமல் எதையும் மாற்றக் கூடாது என்பது மணிவண்ணனுக்குக் கம்பெனியின் உத்தரவு. இராமலிங்கம் சார் கோயம்புத்தூரில் ஒரு கருத்தரங்கில் இருந்தார். போனில் சொன்னேன்.

"மெசேஜ் போறது நமக்கே தெரியாம நடந்தது தப்புதான் மேடம். ஆனா பேரன்ட்ஸ் யாரும் வேணாம்னு சொல்லலியே. நல்லதுன்னு நெனைக்கிறவங்களும் இருப்பாங்க. அவசரப்பட வேணாம், கமிட்டியில வெச்சு முடிவு பண்ணுவோம்."

5. காடாம்புலியூர்க்காரர்

கமிட்டி கூடுவதற்குள் பவித்ராவின் அப்பா வந்துவிட்டார். கலியமூர்த்தி என்று பெயர். முந்திரித் தோப்பும் கொஞ்சம் பலா மரங்களும் வைத்திருக்கிற விவசாயி. வெள்ளை வேட்டி, கையில் ஒரு மஞ்சள் பை. மகள் பின்னால் நின்றாள்.

"அம்மா, இதுல ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க. பாப்பாவுக்கு டி.சி. வாங்குறோம்."

நூலகப் புத்தகம் எதுவும் பாக்கி இல்லை என்று நான் எழுதிக் கொடுத்தால்தான் டி.சி. கிடைக்கும்.

"கடைசி செமஸ்டர் நடந்துட்டிருக்கே. இப்ப எதுக்கு டி.சி.?"

"வூட்லேர்ந்தே எதுனா படிச்சிக்கட்டும்."

"எதுனா கோவமா?"

"கோவம்லாம் இல்லீங்க." அவர் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துப் பேசினார். "மூணு பஸ் மாறி வர்ற புள்ள. ஒரு நாள்னா பரவால்ல. நாளு ஜாஸ்தி ஆயிடுச்சு. எங்க போவுது, யாரோட இருக்குதுன்னு தெரியலேன்னா எப்டிங்க? கேட்டா அழுவுது. ஊர்ல யார்கிட்டயும் சொல்லவும் முடியல."

பவித்ரா அசையாமல் நின்றாள். அன்று அவள் அழவில்லை. அழுது முடித்துவிட்டவள் போல இருந்தாள்.

நான் விளக்கம் சொல்லியிருக்கலாம். வீச்சு, ஆன்டெனா, டிக் என்று பேசியிருக்கலாம். மகளைக் காப்பாற்ற மேடம் ஏதோ சொல்கிறார் என்று அவர் நினைத்திருப்பார். பவித்ராவிடம் அவள் அட்டையை வாங்கினேன். வரும்போது முறையாகத் தொட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"ஐயா, இத உங்க சட்டப் பையில வெச்சுக்குங்க. அதோ அந்த மெஷின்ல போயி இந்த பாட்டில்ல தண்ணி புடிச்சிட்டு வாங்க. வந்ததும் கையெழுத்து போடுறேன்."

அவர் குழப்பமாகப் பார்த்தார். பெரிய இடத்து ஆட்கள் சொன்னால் மறுக்கத் தெரியாதவர், எழுந்து போனார். மகள் என் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவருக்கு நாங்கள் இருவரும் நன்றாகத் தெரியும் தூரம்தான்.

பாட்டில் பாதி நிறைந்திருக்கும். அவர் சட்டைப் பையில் போன் சத்தம் கொடுத்தது. ஒரு கையால் எடுத்து, கண்ணுக்குத் தள்ளி வைத்து, எழுத்து எழுத்தாகப் படித்தார். "தங்கள்... மகள்... பவித்ரா... நூலகத்திலிருந்து..."

பாட்டில் நிரம்பி வழிந்து அவர் வேட்டியில் தண்ணீர் கொட்டியது. அவர் கவனிக்கவில்லை. போனைப் பார்த்தார். நாற்காலியில் இருந்த மகளைப் பார்த்தார்.

"பாப்பா அங்கதான குந்திக்கினு இருக்குது" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

ஜாஃபர் போய்க் குழாயை மூடினார். கலியமூர்த்தி சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். கம்பத்தைப் பார்த்தார். நடுவில் இருந்த கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, "இன்னொரு வாட்டி போயி நின்னா?" என்று கேட்டார். மணிவண்ணன் அட்டையை மறுபடி உள்ளே பதிவு செய்து கொடுத்தார். போய் நின்றார். மறுபடியும் சத்தம். மூன்றாவது முறை அவர் போகவில்லை. வந்து மகளுக்குப் பக்கத்தில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"ஏன் பாப்பா, தண்ணி புடிக்கத்தான் போனேன்னு சொல்லி இருக்கலாம்ல?"

"எனக்கு மட்டும் தெரியுமாப்பா அது? லைப்ரரிலதான் இருந்தேன்னு தெனமும் சொன்னேன். நீங்க போனத்தான் பாத்தீங்க."

அவர் எழுந்தார். நீ உட்காருகிற இடம் எங்கே, காட்டு என்றார். மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் பின்னால் போனேன். கிழக்கு ஹாலில் ரேக்குக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு மூலையைக் காட்டினாள். அவர் அங்கே நின்று ஜன்னலுக்கு வெளியே சவுக்குத் தோப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் காத்து வருது" என்றார்.

இறங்கும்போது அந்தத் தாளை நாலாக மடித்து மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டார். கையெழுத்து கேட்கவில்லை. வாசலில் நின்று என்னிடம் ஒன்று சொன்னார்.

"அந்த மெசேஜ் வராம பண்ணிடுங்கம்மா."

"மெஷினத் தள்ளி வெச்சிட்டா தப்பா வராதுங்க ஐயா. சரியா வரும்."

"சரியா வந்தாலும் வேணாம். வந்தா நான் பாப்பேன். பாக்காம இருக்க எனக்கு முடியாது. அது எத்தனை மணிக்கு பஸ் ஏறுச்சு, எத்தனை மணிக்கு எறங்குச்சுன்னு தோப்புல நின்னுக்கிட்டே கணக்கு போட்டுக்கினு இருப்பேன். எம் பொண்ணு மூஞ்சியப் பாத்தே ரொம்ப நாளாச்சு."

6. கமிட்டி

கமிட்டியில் மணிவண்ணன் தயாராக வந்திருந்தார். குடிதண்ணீர் மெஷினை உள்பக்கம் மாற்றலாம், கம்பத்தின் வீச்சைக் குறைக்கலாம், இனி ஒரு செய்தியும் தவறாகப் போகாது என்று படம் போட்டுக் காட்டினார். சுத்தமான வேலை. உறுப்பினர்கள் தலையாட்டினார்கள்.

நான் கலியமூர்த்தி சொன்னதைச் சொன்னேன். கூட்டாமல் குறைக்காமல், அவர் பேச்சிலேயே சொன்னேன். ஒரு துறைத் தலைவர், "பெத்தவங்களுக்குத் தெரிஞ்சா என்ன மேடம் தப்பு? பாதுகாப்புக்குத்தானே?" என்றார்.

"தெரிஞ்சுக்கட்டும் சார். பொண்ணுகிட்டயே கேட்டுத் தெரிஞ்சுக்கட்டும். எல்லாருமே பதினெட்டு வயசு தாண்டினவங்க. அவுங்ககிட்ட ஒரு வார்த்த கேக்காம நாம ஏன் சொல்லணும்? நம்ம வேலை புக்கு குடுக்கிறது."

இராமலிங்கம் சார் பேனாவைக் கீழே வைத்தார். அவர் மகள் சென்னையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அப்படி ஒரு மெசேஜ் வந்தா" என்றார் கடைசியில், "நானும் கிளாஸ்ல நின்னு போனத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். அத எடுத்துடுங்க மணிவண்ணன்."

எல்லாம் நாங்கள் நினைத்தபடி முடியவில்லை. செய்தி நின்றதும் சில பெற்றோர் போன் செய்து ஏன் வரவில்லை என்று சண்டை போட்டார்கள். மகளோ மகனோ எழுதிக் கொடுத்தால் அனுப்புகிறோம் என்றோம். எழுதிக் கொடுத்தவர்கள் மிகச் சிலர். கிழக்கு ஹாலில் பாதியைத் தடுத்துப் பிளேஸ்மென்ட் பயிற்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஹால் காலி என்று காட்டிய வரைபடம் ஏற்கெனவே மேலிடம் வரை போய்விட்டது, திருப்பி வாங்க முடியவில்லை. அந்தப் பாதியில்தான் கடல் காற்று வரும் ஜன்னல்கள் இருந்தன.

மீதிப் பாதியில் சென்சார்களை அடியிலிருந்து எடுத்து மேசையின் மேல், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தோம். இது சூட்டைப் பார்க்கிறது, படம் எடுக்காது, நீங்கள் யார் என்று இதற்குத் தெரியாது என்று பக்கத்தில் எழுதி ஒட்டினோம். வாசகத்தை எழுதியது பவித்ராவும் அவள் தோழிகளும். நான் எழுதியிருந்தால் சுற்றறிக்கை மாதிரி இருந்திருக்கும். பெண்கள் உடனே வந்துவிடவில்லை. முதலில் ஒரு மேசை சிவப்பானது. பிறகு இரண்டு. செமஸ்டர் தேர்வு நெருங்கியபோது இடம் பிடிக்கத் துப்பட்டாவைப் போட்டு வைக்கும் பழக்கம் திரும்பி வந்தது. அந்த வருடம் பவித்ரா எம்.எஸ்சி. முடித்தாள்.

ஈரப்பதத்தைச் சொல்லிப் பழைய இதழ்களைக் காப்பாற்றியதும், ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்தப் பார்த்ததும் ஒரே கம்பெனியின் கருவிகள்தான். ஒரு கருவி என்ன அளக்கும், எவ்வளவு துல்லியமாக அளக்கும் என்பதைக் கம்பெனிக்காரர் நாம் கேட்காமலே சொல்லிவிடுவார். அளந்ததை அது யாரிடம் போய்ச் சொல்லும் என்பதை நாம்தான் கேட்க வேண்டும். மாணவர் உட்காருகிற நாற்காலியில் நாமும் ஒரு மதியம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். திரையில் பச்சையாக இருக்கிறது என்பதற்காக அங்கே ஆள் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. என் பணிக்காலத்தில் கற்றுக்கொண்டதில் உருப்படியானது இவ்வளவுதான்.

நான் ஓய்வு பெறும் வருடத்தில் வேறொரு கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். அட்டையே வேண்டாம், முகத்தைப் பார்த்துத் திறக்கும் கதவு. கண் சிமிட்டும் நேரத்தில் அடையாளம் கண்டுபிடிக்கும் என்றார். என் முகத்தை வைத்துக் காட்டினார். கண்ணாடி போட்டும் கழற்றியும் கண்டுபிடித்தது. எனக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது. இன்னொரு முறை காட்டச் சொல்லிப் பார்த்தேன். இராமலிங்கம் சாருக்கும் பிடித்துப்போய்விட்டது. என் கையெழுத்துக்காகத் தாளை என் முன்னால் நகர்த்தினார்கள்.

"ஒரே ஒரு கேள்வி" என்றேன். "இது பாத்தத யார் யார்கிட்ட சொல்லும்?"

அந்த மனிதர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. தன் கையேட்டைப் புரட்டினார். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல மேடம். ஹெட் ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்" என்று போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.

நான் பேனாவை மூடி வைத்தேன்.